பல் பிடுங்குவதற்காக இதய மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகர் கேள்விக்கு இதயநோய் மருத்துவரின் பதில்

அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கடிதம் நான்கு பக்கம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர் சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 61. ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல்; கார், பிசானம் என்று வருடத்தில் இரண்டு போகமும் நெல் போடுகிறவர். நாற்பது வருடம் பீடி குடித்தவர். மாசி மாதம் ஒரு விடியற்காலை நெஞ்சை அடைத்து, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. 'வாயுவாத்தான் இருக்கும்' என்று இஞ்சிச் சாறு கொடுத்துப் பார்த்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாரடைப்பு. அன்றே ஆஞ்சியோ செய்து, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஆஸ்பிரின் 75 மி.கி. தினம் ஒன்று, டிக்கக்ரெலர் 90 மி.கி. காலையும் இரவும், கொழுப்புக்கு அடார்வாஸ்டாடின், வயிற்றுக்குப் பேன்டப்ரசோல், பிரஷருக்கு ஒன்று. பீடியை அன்றோடு விட்டுவிட்டார்.

இப்போது ஐந்து மாதம். கடைவாய்ப் பல் சொத்தையாகித் தாடை வீங்கிவிட்டது. பல் மருத்துவர், 'பிடுங்கித்தான் ஆகவேண்டும். ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்' என்றிருக்கிறார். ஆஸ்பத்திரி பைலோ ஆட்டோவில் தொலைந்துபோயிற்று. பைல் இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பெரியப்பா வந்து, 'ரத்தத்தத் தண்ணியாக்குத மாத்திரையைச் சாப்ட்டுக்கிட்டு பல்லப் புடுங்குனா ரத்தம் நிக்கவே செய்யாதுலா. அஞ்சு நாளைக்கு நிப்பாட்டுலே' என்று சொல்லிவிட்டார். கடிதம் எழுதும்போது ஆஸ்பிரின், டிக்கக்ரெலர் இரண்டையும் நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது.

கடிதத்தின் பின்பாதியில் இன்னும் சில சங்கதிகள். டிக்கக்ரெலர் விலை கட்டுப்படியாகவில்லை என்று ஒரு மாதமாகவே அப்பா இரவு மாத்திரையை விட்டுவிட்டார். கையில் அங்கங்கே கன்றிப்போய் நீலம் பாய்கிறது. இதய வால்வு மாற்றி அசிட்ரோம் என்ற மாத்திரை சாப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, 'கீரையைத் தொடக்கூடாது, மாசா மாசம் ரத்தம் டெஸ்ட் எடுக்கணும்' என்று சொன்னதால் வீட்டில் முருங்கைக்கீரையே சமைப்பதில்லை. நடவு நேரத்தில் மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையும் உள்ளே போகிறது. பீடி சுற்றும் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, நெஞ்சு வலி எதுவும் கிடையாது. 'அப்பாவுக்கு வந்த மாதிரி வராமலிருக்க நானும் தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டா என்ன?' என்று அவர் கேட்கிறார். கடைசியாக, ஆடி அமாவாசைக்கு மலையில் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பத்தோடு தங்குவது வழக்கம். இந்த வருடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு, அதில் நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினேன். பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. அன்று சொன்னதையே மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று முதலில் எழுதுகிறேன்.

ஆஸ்பிரினை உடனே போடச் சொன்னேன். டிக்கக்ரெலரில் வழக்கமான ஒன்றையும் கொடுத்துவிட்டு, அன்றைக்கே ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்குப் பேசி, 'இரண்டு நாள் விட்டுப்போச்சு, முதல் வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா?' என்று கேட்கச் சொன்னேன். இடைவெளி விழுந்தால் சில சமயம் முதல் வேளையைப் பெரிய அளவில் தருவது உண்டு. அதை அவர் வரலாறு தெரிந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக இரண்டு மூன்று மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஒரு வேளை மட்டும் மறந்துபோகிற நாட்களுக்கு வழி எளிது: அடுத்த வேளையை அதன் நேரத்தில் போட்டால் போதும், விட்டதற்கும் சேர்த்து இரண்டு போடக்கூடாது.

ஏன் இந்த அவசரம் என்பதைச் சொல்ல ஒரு பழைய சம்பவத்தை எழுதியாக வேண்டும். பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் டீக்கடை வைத்திருந்த ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தோம். இரண்டு மாதம் நன்றாக இருந்தார். பல் பிடுங்க மாத்திரைகளை நிறுத்தியிருக்கிறார். பல்லும் நல்லபடியாக வந்துவிட்டது, ரத்தமும் நின்றுவிட்டது. ஆறாம் நாள் இரவு ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து குழாய் முழுக்க அடைத்த நிலையில் கொண்டுவந்தார்கள். பிழைத்தார். ஆனால் இதயம் சுருங்கி விரியும் பலம் பாதிக்கு வந்துவிட்டது; அதன்பிறகு பாய்லர் முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மாத்திரையை நிறுத்தக் கூடாது' என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அவர் மனைவிக்கு அதைத் தமிழில் உட்கார்ந்து யாரும் சொல்லவில்லை. அந்தத் தாளை எழுதியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கு இவ்வளவு நீளமாக உங்களுக்குப் பதில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரத்தம் தண்ணீராவதில்லை

உங்கள் பெரியப்பா மீது எனக்குக் கோபம் இல்லை. 'ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை' என்று சொல்லிப் பழக்கியது நாங்கள்தான். அவசரத்தில் சொல்ல வசதியான சொல், அவ்வளவே. ஆஸ்பிரினோ டிக்கக்ரெலரோ ரத்தத்தைத் துளிகூட நீர்க்கச் செய்வதில்லை. அப்பாவின் ரத்தம் முன்னால் எவ்வளவு கெட்டியாக இருந்ததோ அவ்வளவு கெட்டியாகத்தான் இப்போதும் இருக்கிறது.

நடப்பதை அப்பாவுக்குப் புரியும்படி சொல்கிறேன், படித்துக் காட்டுங்கள். மழைக்காலத்து ராத்திரியில் கால்வாய்க் கரை ஓரிடத்தில் உடைந்தால் என்ன செய்வோம்? முதலில் பார்த்தவர் போட்டது போட்டபடி ஓடி, கையில் கிடைத்த மண்ணையும் வைக்கோலையும் அமுக்குவார். அமுக்கிக்கொண்டே கூப்பாடு போடுவார். சத்தம் கேட்டுப் பத்துப் பேர் வருவார்கள், அவர்கள் சத்தம் கேட்டு ஊரே வரும். பிறகு முளையடித்து, ஓலை வைத்து, கரையைக் கட்டி முடிப்பார்கள். நம் ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் அப்படி முதலில் ஓடி வந்து ஒட்டுகிறவை தட்டணுக்கள். டெங்கு காலத்தில் 'பிளேட்லெட் கவுன்ட் எவ்வளவு?' என்று எல்லோரும் கேட்போமே, அவையேதான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். கீறலில் ஒட்டிய தட்டணு இரண்டு விதமாகக் கூப்பாடு போடும். ஒன்று த்ராம்பாக்ஸேன் என்ற ரசாயனம், இன்னொன்று ஏ.டி.பி. என்ற ரசாயனம். அதைக் கேட்டு மற்றத் தட்டணுக்கள் கூடிப் பந்தாக ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஃபைப்ரின் என்ற நார் வந்து அதை வலைபோல இறுக்கிக் கட்டும்.

கையில் அரிவாள் பட்ட இடத்தில் இது நடந்தால் நல்லது. இதயக் குழாயின் உட்சுவரில் வருடக்கணக்கில் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கும்போதும் தட்டணுக்கள் அதைக் கரை உடைப்பு என்றே நினைத்து ஓடி வருகின்றன. கால்வாயின் அகலமோ மூன்று மில்லிமீட்டர்தான். உடைப்பை அடைக்க வந்த கூட்டமே கால்வாயை அடைத்துவிடுகிறது. மாசி மாதம் அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

ஆஸ்பிரின் என்ன செய்கிறது என்றால், தட்டணு த்ராம்பாக்ஸேன் தயாரிக்க முடியாதபடி அதன் உள்ளே இருக்கும் நொதியைக் கட்டிப்போடுகிறது. முதல் கூப்பாடு நின்றுபோகிறது. டிக்கக்ரெலர் ஏ.டி.பி. என்ற இரண்டாவது கூப்பாடு காதில் விழாதபடி தட்டணுவின் காதை மூடுகிறது. க்ளோபிடோக்ரல், பிரசுக்ரெல் என்ற வேறு மாத்திரைகள் மூடுவதும் இதே காதைத்தான். இரண்டு மாத்திரையும் சேரும்போது ஊர் கூடுவது வெகுவாகக் குறைகிறது. தட்டணுவின் எண்ணிக்கையும் ரத்தத்தின் அளவும் மாறுவதில்லை. நாளைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து டெங்கு என்று தெரிந்தால் மட்டும், இந்த இரண்டு மாத்திரையையும் சாப்பிடுகிறார் என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் அசிட்ரோம் வேலை செய்யும் இடம் வேறு. அது தட்டணுவைத் தொடுவதில்லை, கடைசியில் வருகிற அந்த நார் உருவாகாமல் பார்த்துக்கொள்கிறது. நார் உருவாவதற்கு வைட்டமின் 'கே' வேண்டும், கீரையில் அது நிறைய. அதனால்தான் அவர் ஒருநாள் கீரையை அள்ளிப் போட்டுக்கொண்டு மறுநாள் தொடாமல் இருக்கக் கூடாது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் விடாமல் எடுக்க வேண்டும். அவருக்குச் சொன்னது அவருக்குச் சரி. உங்கள் அப்பாவின் மாத்திரைக்குக் கீரையோடு எந்தப் பகையும் இல்லை, அதற்காக ஐ.என்.ஆர். எடுக்கவும் தேவையில்லை. நாளைக்கே முருங்கைக்கீரை வதக்கிக் கொடுங்கள், உப்பு மட்டும் குறைவாக.

ஸ்டென்ட் வைத்த பிறகு இரண்டு மாத்திரை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டென்ட் என்பது உலோகக் கம்பி வலை. தட்டணுவுக்கு அது வெளியாள்; பார்த்ததும் ஒட்டப் பார்க்கும். மாதங்கள் போகப் போக குழாயின் உட்தோல் வளர்ந்து கம்பியை மூடும். இப்போது வைக்கும் ஸ்டென்ட்களில், குழாய் மறுபடி சுருங்காமலிருக்க மருந்து பூசியிருப்பதால் அந்த மூடல் கொஞ்சம் நிதானமாகவே நடக்கும். கம்பி வெளியே தெரிகிற காலம் முழுக்கக் காவல் வேண்டும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம் இரண்டு மாத்திரை, பிறகு ஒன்று மட்டும் காலம் முழுக்க. ரத்தக்கசிவு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு இதைச் சுருக்குவது உண்டு. அப்பாவுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது.

ஆஸ்பிரினைச் சிலர் 'வெறும் தலைவலி மாத்திரைதானே' என்று அலட்சியமாக நினைக்கிறார்கள். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 என்ற ஆய்வில் மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த 17,187 பேரைச் சேர்த்தார்கள். ஒரு மாதம் தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் ஐந்து வாரத்துக்குள் நேர்ந்த இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன. சில காசு விலையுள்ள மாத்திரை.

பல்லைப் பிடுங்கலாம், மாத்திரையை நிறுத்தாமல்

'ஐந்து நாள் நிறுத்து' என்பது ஆகாயத்திலிருந்து வந்த கணக்கு இல்லை. வயிறு, முதுகெலும்பு போன்ற பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் க்ளோபிடோக்ரலை ஐந்து நாள், பிரசுக்ரெலை ஏழு நாள், டிக்கக்ரெலரை மூன்று முதல் ஐந்து நாள் நிறுத்துவது வழக்கம். அதுவும் இதய மருத்துவரும் அறுவை சிகிச்சை நிபுணரும் பேசி முடிவு செய்வது. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சை என்றால் தள்ளியே போடுவோம். அந்தக் கணக்கு வாய்வழியாக ஊருக்குள் வந்து பல்லுக்கும் சேர்ந்துகொண்டது.

பல் பிடுங்கிய குழி கண்ணுக்குத் தெரிகிற இடம், விரலால் அமுக்கக்கூடிய இடம். ரத்தம் வழக்கத்தைவிடச் சற்று நேரம் கூடக் கசியும், பிறகு நிற்கும். பஞ்சு வைத்துக் கடித்துக்கொள்வது, தேவைப்பட்டால் ஒரு தையல், ரத்தக்கசிவை நிறுத்தும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் நனைத்த துணி என்று பல் மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. தராசுத் தட்டில் இந்தப் பக்கம் கூடுதலாக அரை மணி நேரக் கசிவு, அந்தப் பக்கம் ஸ்டென்ட் அடைப்பு. நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

கடிதம் வாங்கி வரச் சொன்ன உங்கள் பல் மருத்துவர் சரியாகத்தான் நடந்துகொண்டார். பைல் தொலைந்தது பெரிய தடையே இல்லை. சிகிச்சை ஆவணத்தின் நகலைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை விதி சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த தேதி, எந்தக் குழாய், எத்தனை ஸ்டென்ட் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.

பல் பிடுங்கும் நாளைக் காலை வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கசிந்தால் அம்பையிலிருந்து அலைய வேண்டியிருக்கும். காலையென்றால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அன்றைக்கும் ஆஸ்பிரின், டிக்கக்ரெலர் இரண்டும் போட வேண்டும். பல பற்கள் பிடுங்குவதாக இருந்தால் ஒரே நாளில் வேண்டாம். வீங்கிய தாடைக்கு ஆன்டிபயாடிக் எழுதினால் க்ளாரித்ரோமைசின் மட்டும் வேண்டாம் என்று நினைவூட்டுங்கள். அது டிக்கக்ரெலரை உடம்பில் அளவுக்கு மீறித் தங்க வைக்கும். வீட்டுக்கு வந்ததும் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது, அன்று முழுக்க வாயைக் கொப்பளிக்கவும் கூடாது. உறைந்த ரத்தம் பெயர்ந்து வந்தால் மறுபடி கசியும்.

வலிக்குப் பாராசிட்டமால். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மூட்டு வலிக்கு அப்பா சாப்பிடுவது டைக்ளோஃபினாக் என்று ஃபோனில் அட்டையைப் படித்துச் சொன்னீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது ஆகாத மருந்து. இதயத்துக்கும் கெடுதல், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியவும் செய்யும். ஐபுபுரூஃபன் இன்னொரு விதத்தில் கெடுதல்: ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு அதன் வேலையைக் கெடுக்கும். நடவு முடிந்த வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் பாராசிட்டமாலும் போதாவிட்டால் மருத்துவரிடம் வாருங்கள்.

ஒரு பழைய செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் க்ரேவன் என்ற சாதாரணப் பொது மருத்துவர் இருந்தார். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிக்காக ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் மென்றவர்களுக்கு ரத்தம் கூடுதலாகக் கசிவதைக் கவனித்தார். தொண்டையில் உறைய விடாத மருந்து இதயத்திலும் உறைய விடாதல்லவா என்று யோசித்து, தன்னிடம் வந்த ஆண்களுக்கு மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் கொடுக்க ஆரம்பித்தார். 1950-ஐ ஒட்டிய வருடங்களில் நடந்தது இது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1971-இல்தான் கண்டுபிடித்தார், அதற்கு 1982-இல் நோபல் பரிசும் கிடைத்தது. உங்கள் பெரியப்பா எதைக் கண்டு பயந்தாரோ, அதைப் பார்த்துத்தான் க்ரேவனுக்கு அந்த யோசனையே வந்தது.

இரவு மாத்திரையை விட்டது

கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி அதுதான்.

ஆஸ்பிரின் ஒரு தட்டணுவைக் கட்டினால் அந்தத் தட்டணு சாகும்வரை, அதாவது ஏழிலிருந்து பத்து நாள், கட்டியது கட்டியதுதான். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள அதனால் முடியாது. அதனால் ஆஸ்பிரின் ஒரு நாளைக்கு ஒன்று போதும். டிக்கக்ரெலர் அப்படி இல்லை. ஒட்டும், சில மணி நேரத்தில் கழன்றும் போகும். அதனால்தான் இரண்டு வேளை. காலை எட்டு மணிக்கு மட்டும் போட்டால் மறுநாள் விடியற்காலையில் காவல் மெலிந்திருக்கும். அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததும் ஒரு விடியற்காலையில்தான். அதிகாலையிலும் காலையிலும் மாரடைப்பு கூடுதலாக வருவது பல காலமாகத் தெரிந்த விஷயம்.

காசு ஒரு காரணம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நிச்சயமாகக் காரணம்தான், மருத்துவரிடம் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டிய காரணம். 'இந்த விலை எங்களுக்கு ஆகாது' என்று சொன்னால் எந்த மருத்துவரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார். வழிகள் இருக்கின்றன. மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே டிக்கக்ரெலர் குறைந்த விலைக்கு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே மருந்து அதுதான். இன்னொரு வழி, டிக்கக்ரெலரிலிருந்து க்ளோபிடோக்ரலுக்கு மாறுவது. அது தினம் ஒன்று, விலை குறைவு, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். மாரடைப்புக்குப் பின் முதல் மாதம்தான் மிகவும் ஆபத்தான காலம். அதைத் தாண்டியவர்களை மாற்றிப் பார்த்த கொரிய ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது, 2,697 பேர். க்ளோபிடோக்ரலுக்கு மாறியவர்களுக்கு ரத்தக்கசிவு குறைந்தது, மாரடைப்பு கூடவில்லை.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. க்ளோபிடோக்ரல் அப்படியே வேலை செய்யாது, கல்லீரல் அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். பிறவியிலேயே அந்த மாற்றும் நொதி மந்தமாக இருப்பவர்கள் நம் நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து முழுப் பலன் தராது. சர்க்கரை உள்ளவரா, ஸ்டென்ட் எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று எல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் மாற்றுவார். அப்பாவுக்கு ஒரு ஸ்டென்ட், ஐந்து மாதம், சர்க்கரை இல்லை என்பதால் நான் அவரைப் பார்த்திருந்தால் மாற்றுவதைப் பற்றித் தாராளமாகப் பேசியிருப்பேன். என்றைக்கு எதை நிறுத்தி எதை எந்த அளவில் தொடங்குவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாறினால், நெஞ்சுக் கரிப்புக்கு யாராவது ஓமிப்ரசோல் கொடுத்தால் வாங்க வேண்டாம். அது க்ளோபிடோக்ரலின் மாற்றத்தைத் தடுக்கும். இப்போது சாப்பிடும் பேன்டப்ரசோலே இருக்கட்டும். 'கேஸ் மாத்திரைதானே' என்று அதையும் நிறுத்திவிடாதீர்கள், வயிற்றுக்குக் காவல் அது.

பூண்டுப் பாலும் மருதம்பட்டைக் கஷாயமும் மாத்திரைக்குப் பதிலாக ஆகுமா என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ஆகாது. பூண்டு சமையலில் இருக்கட்டும். கஷாயம் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும்.

கன்றிப்போன கை

கையில் நீலம் பாய்வது, பல் தேய்க்கும்போது லேசாக ரத்தம், சவரம் செய்த கீறல் சற்று நேரம் கசிவது எல்லாம் மருந்து வேலை செய்வதன் அடையாளம். பயப்பட வேண்டியவை வேறு. மலம் தார் போலக் கறுத்து நாறினால், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், மூக்கில் வழியும் ரத்தம் பத்து நிமிடம் இறுக்கிப் பிடித்தும் நிற்காவிட்டால், இதுவரை வராத கடுமையான தலைவலியோ கை கால் விளங்காமல் போவதோ வந்தால், விழுந்து தலையில் அடிபட்டால் அன்றே, அப்பொழுதே மருத்துவமனை. அப்போதும் மாத்திரையை நிறுத்துவதா என்பதை அங்கே இருக்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்.

டிக்கக்ரெலர் சிலருக்கு மூச்சு வாங்குவது போன்ற ஓர் உணர்வைத் தரும். பெரும்பாலும் தானே சரியாகும். ஆனாலும் இதயம் பலவீனமாவதாலும் மூச்சு வாங்கும் என்பதால் அதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

அம்மாவுக்கு ஆஸ்பிரின் வேண்டாம்

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு ஆஸ்பிரின் தரும் நன்மை, எதுவும் வராதவருக்கும் அதே அளவில் கிடைக்கும் என்று ரொம்ப நாள் நாங்களும் நம்பினோம். 2018-இல் வந்த அசெண்ட் ஆய்வு சர்க்கரை நோய் இருந்து இதய நோய் இல்லாத 15,480 பேரைப் பார்த்தது. உங்கள் அம்மா போன்றவர்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 12 சதவீதம் குறைந்தன. கூடவே பெரிய ரத்தக்கசிவு 29 சதவீதம் கூடியது. ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் பிடுங்கிக்கொண்டது. அம்மாவுக்கு வேண்டியது சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைப்பதும், கொழுப்புக்கு மாத்திரை தேவையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பதும்தான். நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்; சாயங்காலம் அரை மணி நேரம் ஆற்றங்கரை வரை நடக்கச் சொல்லுங்கள். பீடித் தூள் பறக்கிற அறையிலேயே அப்பாவும் படுப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் படுக்கையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நாற்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டவருக்கு அந்த வாசனைக்குள் தூங்குவது பெரிய சோதனை.

காரையாறு போகும்போது

மாத்திரையை ஒழுங்காகத் தொடங்கி, பல் பிரச்சினை முடிந்து, நடந்தால் நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ இல்லை என்றால் போகலாம். அய்யனாரை இந்த வருடம் பார்க்க வேண்டும் என்ற அவர் ஆசை நியாயமானது. அங்கே நல்ல மெடிக்கல் ஷாப்பை எதிர்பார்க்காதீர்கள், செல்போன் சிக்னலையும் நம்பாதீர்கள். தங்கும் நாட்களைவிட மூன்று நாளுக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு அவர் மடியில், ஒரு பங்கு உங்கள் பையில், ஈரம் படாத டப்பாவில். ஆற்றுக் குளியலில் வழுக்குப் பாறை வேண்டாம்; அடிபட்டால் கசிவு கூடுதலாக இருக்கும்.

நெஞ்சு அடைத்து வியர்த்தால் இந்த முறை இஞ்சிச் சாறு வேண்டாம். 108-க்குச் சொல்லுங்கள், கோயிலில் போட்டிருக்கும் மருத்துவ முகாமில் இருக்கும் சுகாதாரப் பணியாளரிடம் ஓடுங்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற வழியில் முதலில் எட்டுகிற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நிறுத்துங்கள். 2023-இல் தொடங்கிய தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு சந்தேகம் உள்ளவருக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மூன்றையும் முதல் வேளை அளவில் அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அப்பா ஏற்கனவே என்ன சாப்பிடுகிறார், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு சின்ன அட்டையில் ஸ்டென்ட் வைத்த தேதியையும் மாத்திரைப் பெயர்களையும் தமிழில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். இன்னொரு பிரதியைப் பெரியப்பாவிடம் கொடுங்கள். அவரும் கூட வருகிறார் என்றுதானே எழுதியிருந்தீர்கள்.